மூளைப் படத்தில் ஒரு சிவப்புத் திட்டு

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிறு மாலை, சங்கத்து நூலக அறையில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அன்பர் ஒருவர் இரண்டு பெரிய உறைகளுடன் நம்மைத் தேடி வந்தார். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவர். மத்திய அரசாங்கப் பணியில் மூன்று ஊர்கள் மாறி இப்போது டில்லியில் வசிக்கிறார். பொங்கல் விழாவில் பரிமாற முதலில் நிற்பவரும், பந்தியில் கடைசியாக உட்காருபவரும் அவரே. எப்போதும் சிரித்த முகத்தினரான அவர் அன்று உட்காரவும் மறந்து நின்றார்.

அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. ஆறாம் வயதிலிருந்து வலிப்பு நோய் உண்டு. மருந்துகள் மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து மட்டும் போதுவதில்லை என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அத்தகையோரில் சிலருக்கு, வலிப்பு பிறக்கும் சிறு பகுதியை மூளையிலிருந்து நீக்கினால் நோய் நின்றுவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பகுதி எதுவென்று முதலில் தெரியவேண்டுமே! பையனின் எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்போ கட்டியோ எதுவும் தென்படவில்லை. ஆகவே மண்டைமேல் எடுத்த மின்பதிவைக் கணினியில் இட்டு, வலிப்பின் பிறப்பிடத்தைக் கணக்கிட்டிருந்தனர்.

உறைகளில் இருந்தவை அக்கணக்கின் முடிவுகள். ஓரிடத்தில் தயாரித்த படத்தில், இடது நெற்றிப்பொட்டை அடுத்த மடலில் சிவப்புத் திட்டு இருந்தது. அதே பதிவை மற்றோரிடத்தில் காட்டிப் பெற்ற படத்தில், திட்டு இடது முன்மடலின் அடிப்பாகத்துக்கு நகர்ந்திருந்தது.

“பதிவு ஒன்று, படம் இரண்டு. எதை நம்பி என் பிள்ளையின் தலையைத் திறக்கச் சொல்வேன்?” என்றார்.

நாம் மருத்துவர் அல்லோம். மின் அளவைக் கணக்குகளில் காலங்கழித்து ஓய்வு பெற்றோம். இத்துறை ஆய்வாளர் சிலரோடு பழக்கமுண்டு. அன்று அவருக்குச் சொன்னதையும், பின்னர் நடந்ததையும் நம் வாசகர்களுக்குக் கூறுவது பயனுள்ளதாகும் என்று கருதுகிறோம். நம் நாட்டில் வலிப்பு நோயுடையோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர் என்பது மதிப்பீடு. வெளியில் சொல்லக் கூசி மறைக்கும் குடும்பங்கள் நம்மவரிடையே இன்றும் உள்ளன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சிவப்புத் திட்டு புகைப்படம் அன்று. எம்.ஆர்.ஐ. படம் மூளையின் உருவத்தை நேரே காட்டுவது. ஈ.ஈ.ஜி. என்னும் மின்பதிவோ, தலையின் மேற்புறத்தில் எழும் மிகச் சிறிய மின் அழுத்தத்தை அளப்பதோடு நின்றுவிடும். ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனிதத் தலையிலிருந்து இதனை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் சில பத்துக் கூறுகளே இங்குக் கிடைக்கும். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு, ‘உள்ளே எந்த இடம் இயங்கியிருந்தால் வெளியே இவ்வாறு தோன்றும்?’ என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். சிவப்புத் திட்டு அந்தக் கணக்கின் விடை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நமக்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். அதிகாலையில் எங்கோ ஒரு வீட்டில் மாவு அரைக்கும் யந்திரம் ஓடுகிறது. படுக்கையில் இருந்தபடியே, எந்த வீடு என்று கண்டுபிடிக்க முயல்கிறோம். மாடி வீடு என்கிறார் இல்லத்தரசி. பக்கத்து வீடு என்கிறோம் நாம். சுவர் கனமானது என்று எண்ணினால் யந்திரம் அருகில் இருப்பதாகத் தோன்றும். மெல்லியது என்று எண்ணினால் தொலைவுக்குப் போய்விடும். இரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் அரைத்தாலோ கேட்கவே வேண்டாம்! நடுவிலிருக்கும் ஒரு பாவமும் அறியாத வீட்டின்மேல் பழி விழும்.

ஒரு பொருளின் வெளிப்புறத்து அளவுகளை மட்டும் கொண்டு உள்ளிருக்கும் மின்னோட்டத்தை ஒரே விடையாக நிச்சயிக்க இயலாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1853-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். எத்தனை விலையுயர்ந்த கருவி வந்தாலும் இத்தடை நீங்காது. மூளைப் புறணியைக் கணினி சுமார் 15,000 புள்ளிகளாகப் பிரித்துக்கொள்கிறது. தலைமேல் வைக்கும் மின்முனைகளோ 21 முதல் 256 வரைதான். அறியவேண்டுவன பதினையாயிரம், கையில் உள்ளவை சில நூறு என்றால், எஞ்சியதை அனுமானங்களால்தான் நிரப்பவேண்டும். மண்டை ஓடு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தும், பதிவில் எவ்வளவு இரைச்சல், ஆழத்தில் உள்ள இடங்களுக்கு எவ்வளவு சலுகை என்றெல்லாம் கணினிக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இவற்றையே அமைப்புகள் என்கிறோம். பழைய வானொலிப் பெட்டியின் குமிழ்களைப் போன்றவை இவை. ஒன்றைத் திருகினால் நிலையம் மாறிவிடும். ஆனால் திருகியவர் இன்னார் என்பது படத்தில் தெரியாது.

மண்டை ஓட்டின் கதையே தனிக்கதை. தலைத்தோலும் மூளையும் மின்சாரத்தை நன்கு கடத்துவன. நடுவில் எலும்பு தடுக்கிறது. எலும்பின் கடத்தும் திறன் மூளையினுடையதில் 80-இல் ஒரு பங்கு என்று 1968-இல் ரஷ், டிரிஸ்கால் என்ற இருவர் வெளியிட்ட அளவு நெடுங்காலம் வேதவாக்காக விளங்கியது. 2000-ஆம் ஆண்டில் ஊஸ்டென்டார்ப் முதலியோர் மீண்டும் அளந்து, 15-இல் ஒரு பங்கு என்றனர். எண்பது எங்கே, பதினைந்து எங்கே! எலும்பு உண்மையில் தடுப்பதைவிட மிகுதியாகத் தடுக்கிறது என்று கணினிக்குச் சொன்னால், விடை ஆழத்திலிருந்து மேற்பரப்பை நோக்கி நகர்ந்துவிடும். குழந்தைகளின் எலும்போ மெல்லியது, பெரியவர்களுடையதினும் நன்கு கடத்துவது. பெரியவர்களுக்கென்று அமைத்த அளவை அவர்களுக்கு அப்படியே இடுவது தகாது.

எம்.ஈ.ஜி. என்னும் காந்தப் பதிவில் எலும்பின் தொல்லை மிகக் குறைவு. டேவிட் கோஹன் 1968-இல் இதனை முதலில் அளந்து காட்டினார். டில்லி எய்ம்ஸ், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகிய இரண்டிலும் இக்கருவி நிறுவப்பட்டுள்ளது. ஆயினும் இதற்கும் குறையுண்டு. மண்டைக்கு நேர் செங்குத்தாக ஓடும் மின்னோட்டம் இதன் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஆழத்தில் உள்ளதும் மங்கிவிடும். பூமியின் காந்தத்தைவிடப் பல கோடி மடங்கு சிறியதை இக்கருவி அளப்பதால், உடம்பில் உலோகம் எதுவும் இருத்தல் கூடாது. தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் அதை முன்னரே கழற்றிவிட்டுச் செல்வது நலம்.

இனி அன்பரின் இரண்டு படங்களுக்கு வருவோம். நண்பரான ஆய்வாளர் ஒருவரிடம் அவற்றையும் மூலப் பதிவையும் காட்டினோம். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பதிவு எடுத்த தேதி என்ன என்று கேட்டார். தீபாவளிக்கு மறுநாளன்றைக்கு மறுநாள்! பெற்றவள் பிள்ளைக்குக் கங்கா ஸ்நானத்துக்கு நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்திருக்கிறாள். சீயக்காய்க்கு அது முழுவதும் போகவில்லை. 21 மின்முனைகளில் மூன்று தோலில் சரியாகப் பற்றவில்லை. அவற்றில் இரண்டு இடப்புறத்தவை. முதல் இடத்தில் அந்த மூன்றையும் சேர்த்தே கணக்கிட்டிருந்தனர். இரண்டாம் இடத்தில் விலக்கியிருந்தனர். தலைக்குக் குளித்து, எண்ணெய் இன்றி வரவேண்டும் என்று பதிவுச் சீட்டின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததாம். யார் படித்தார்கள்?

அடுத்த வேற்றுமை தலையின் உருவம். முதல் படத்துக்குப் பையனுடைய எம்.ஆர்.ஐ.யைப் பயன்படுத்தவில்லை, பொதுவாக வைத்திருக்கும் ஒரு மாதிரித் தலையைப் பயன்படுத்தியிருந்தனர். தைத்து வைத்த சட்டை எல்லோருக்கும் ஏறக்குறையப் பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு அந்த ‘ஏறக்குறைய’ போதாது.

எல்லாவற்றினும் முக்கியமான வேற்றுமை காலத்தைப் பற்றியது. வலிப்பு நோயுடையோர் பதிவில், வலிப்பு இல்லாத வேளையிலும் இடையிடையே கூர்மையான முட்போன்ற அலைகள் எழும். ஒரு முள் எழுந்து அடங்க விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குக்குமேல் ஆகாது. அதன் உச்சியில்தான் அலை பெரிது, இரைச்சல் சிறிது. ஆகவே உச்சியைக் கொண்டு கணக்கிடக் கை துறுதுறுக்கும். ஆனால் உச்சிக்கு வருமுன் அக்கிளர்ச்சி பிறந்த இடத்தைவிட்டு அண்டை அயலுக்குப் பரவிவிடக்கூடும். முன்மடலின் அடிப்பாகத்தில் பிறப்பது பொட்டு மடலுக்குத் தாவுவது இத்துறையினர் நன்கறிந்த வழி. ஆதலால் அலை ஏறும்போது பாதி உயரத்தில் கணக்கிடுவதே பிறப்பிடத்துக்கு அணுக்கமானது என்பது அனுபவத்தில் கண்ட முறை. முதல் படம் உச்சியில் எடுத்தது. இரண்டாவது பாதி ஏற்றத்தில் எடுத்தது. முன்னது தீ பரவிய வீட்டைக் காட்டியது என்றால், பின்னது பற்றிய வீட்டை நோக்கிக் கை நீட்டியது. இரண்டு அறிக்கைகளிலும் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரைச்சலுக்கு இடங்கொடுக்கும் குமிழ் ஒன்றுண்டு. அளவுகள் ஒவ்வொன்றையும் முழுமையாக நம்பினால், இரைச்சலும் மூளையின் வேலையாகத் தோன்றி, படம் எங்கும் பொட்டுப் பொட்டாகச் சிதறும். அதிகமாக ஐயுற்றால் மை கொட்டினாற்போல் பரவி, எந்த இடம் என்றே சொல்ல முடியாது. பலரும் கையாளும் எம்.என்.ஈ. பைத்தான், பிரெயின்ஸ்டார்ம் ஆகிய மென்பொருள்களில், இரைச்சலைப்போல் மும்மடங்கு செய்தி இருப்பதாகவே தயாரித்தவர்கள் அளவு இட்டு வைத்திருக்கின்றனர். பல அலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்த பதிவுக்கு அது பொருந்தும். தனி ஒரு முள்ளுக்கு அதையே இட்டால் கணினியிடம் பொய் சொன்னதாகும். அதற்கு ஒரு மடங்கே ஏற்றது. ஆழத்துக்குச் சலுகை காட்டும் எண்ணோ இவ்விரண்டில் ஒன்றில் 0.8, மற்றதில் 0.5. இரண்டையும் மாற்றாமல் ஓட்டினால் ஒரே பதிவு வேறு வேறு விடை தருவதில் வியப்பென்ன? கடைக்காரர் வைத்த அளவு நமக்கு எடுத்த அளவு ஆகாது.

அப்படியானால் எந்த அமைப்பை நம்புவது? விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பரீட்சிப்பதே முதல் வழி. மணிக்கட்டின் நரம்பில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால், ஆயிரத்தில் இருபது பங்கு விநாடியில், எதிர்ப்புறத்து மூளையில் தொடுவுணர்வுக்குரிய மடிப்பில் அலை தோன்றும். இந்த இடம் நன்கு தெரிந்தது. நம் அமைப்பு அதே இடத்தைக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். இதற்கு அமெரிக்காவில் மனித மண்டை ஓட்டையே கொண்டு ஒரு மாதிரித் தலை செய்தனர். அதனுள் 32 இடங்களில் மின்மூலங்களை வைத்து, 1998-இல் முடிவை வெளியிட்டனர். காந்தப் பதிவில் சராசரிப் பிழை சுமார் 3 மில்லிமீட்டர். மின்பதிவில் 7 அல்லது 8 மில்லிமீட்டர். இடமெல்லாம் தெரிந்த மாதிரித் தலையிலேயே இவ்வளவு பிழை இருக்குமானால், உயிருள்ள தலையில் மில்லிமீட்டர்க் கணக்குப் பேசுவோரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம்.

இரண்டாவது வழி, குமிழ்களை நியாயமான எல்லைக்குள் வேண்டுமென்றே அசைத்துப் பார்ப்பது. எலும்பின் அளவை 80 என்றும், 40 என்றும், 15 என்றும் வைத்து மும்முறை கணக்கிடவேண்டும். திட்டு ஒரு விரலகலத்துக்குள் நின்றால் நம்பலாம். மடல்விட்டு மடல் தாவினால் அந்த விடை பதிவு தந்ததன்று, குமிழ் தந்தது. முட்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுவதும் இவ்வாறே.

இங்குத்தான் மனித மனத்தின் பலவீனம் குறுக்கிடுகிறது. விடையைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகுவோர் உண்டு. ‘வேறொரு பரிசோதனை பொட்டு மடல் என்கிறது, இதுவும் அங்கே வரட்டும்’ என்று திருகித் திருகி, வந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் ஒத்தனர் என்று எழுதும்போது, ஒரு சாட்சிக்கு மற்றவர் சொல்லிக்கொடுத்தது மறைந்துவிடுகிறது. அமைப்புகளை முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகே விடையைப் பார்க்கவேண்டும் என்பது இத்துறைப் பெரியோர் வற்புறுத்தும் கட்டுப்பாடு. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளைப் படப் பதிவுகளை — இவை எம்.ஆர்.ஐ. வகையைச் சேர்ந்தவை — 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விகளுக்கு விடை கேட்டனர். எந்த இரண்டு குழுவினரும் ஒரே முறையைக் கையாளவில்லை. சில கேள்விகளுக்கு விடைகளும் பெரிதும் மாறின.

இவ்வளவும் கேட்டபின், இந்தக் கணக்கே வேண்டாம் என்று அன்பர் கையை உதறினார். அதுவும் தவறு என்றோம். ஜெனீவாவில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 152 நோயாளிகளைக் கொண்டு 2011-இல் வெளியிட்ட முடிவைச் சொன்னோம். 128 முதல் 256 வரை மின்முனைகளும், நோயாளியின் சொந்த எம்.ஆர்.ஐ.யும் கொண்டு கணக்கிட்டபோது, உரிய இடத்தைச் சரியாகக் காட்டும் திறன் நூற்றுக்கு 84. அல்லாததை விலக்கும் திறன் 88. முப்பத்திரண்டுக்குக் குறைந்த மின்முனைகளும் மாதிரித் தலையும் கொண்டபோது அவை 57 ஆகவும் 59 ஆகவும் இறங்கிவிட்டன. காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. முன்னதோ, எம்.ஆர்.ஐ. முதலிய மற்றப் பரிசோதனைகளுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

மார்கழியில் பையனுக்கு மறுபடியும் பதிவு எடுத்தனர். இம்முறை 64 மின்முனைகள். கன்னத்தின் மேற்புறத்திலும் காதின் கீழும்கூட வைத்தனர். 1958-இல் ஜாஸ்பர் வகுத்த பழைய முறை அப்பகுதியை விட்டுவிடுவதால், 2017-இல் சர்வதேசக் கூட்டமைப்பு, சாதாரணப் பதிவுக்கே கீழ்வரிசையையும் சேர்த்து 25 மின்முனைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தலையில் எண்ணெய் இல்லை. முதல்நாள் இரவு தந்தையும் மகனும் சீட்டாடிக் கண்விழித்தனர். பகலில் பையன் உறங்க, முட்கள் நாற்பதுக்குமேல் கிடைத்தன. அமைப்புகளை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே கணினியை ஓட்டினர்.

பாதி ஏற்றத்தில் இடது முன்மடலின் அடிப்பாகம். உச்சியில் பொட்டு மடல். எலும்பின் அளவை மாற்றியபோது திட்டு ஆழத்தில் சிறிது ஏறி இறங்கியதே தவிர, மடலைவிட்டு நகரவில்லை. முட்களின் இரு பாதிகளும் ஒத்தன. இரண்டு பழைய படங்களும் ஏன் மாறுபட்டன என்பதும் இதனால் விளங்கிவிட்டது.

இதைக் கொண்டு உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. வலிப்பில்லா வேளையில் எழும் முள்ளின் பிறப்பிடமும் வலிப்பின் பிறப்பிடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மேலும் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் காணாதபோது மண்டைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி நேரில் பார்ப்பது வழக்கம். எங்கே செலுத்துவது என்பதை இந்தக் கணக்கு கூறியது. முன்பு பொட்டு மடலில் மட்டும் செலுத்த எண்ணியிருந்தவர்கள் இப்போது முன்மடலின் அடியிலும் செலுத்தத் தீர்மானித்துள்ளனர்.

நம் அன்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாம் ஊர் மாறுபவர்கள். ஒரு குழந்தையின் சிகிச்சை சென்னையில் தொடங்கி, டில்லியில் தொடர்ந்து, 1995 முதல் வலிப்பு அறுவை சிகிச்சை நடத்திவரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் முடியலாம். காகிதத்தில் அச்சிட்ட வர்ணப் படத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறோம். அதை வைத்து யாரும் மறுகணக்குப் போட இயலாது. மூலப் பதிவையும் எம்.ஆர்.ஐ.யையும் குறுந்தகட்டில் கேட்டுப் பெறுங்கள். எத்தனை மின்முனை, யாருடைய தலை உருவம், முள்ளின் எந்தக் கணம், அமைப்பை மாற்றியும் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேட்பதில் குற்றமில்லை. நல்ல மருத்துவர்கள் இக்கேள்விகளுக்குச் சினப்பதில்லை என்பதை இம்முறை நேரில் கண்டோம்.

பையனுக்குப் பள்ளிப் பரீட்சை முடிந்ததும், பங்குனி இரண்டாம் வாரத்தில் மருத்துவமனையில் சேர நாள் குறித்திருக்கிறார்கள். தஞ்சையிலிருந்து பாட்டியார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறார். அன்று அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காத தந்தைக்குப் பதிலாக, நம் சங்கத்து இளைஞர் இருவர் அவரை அழைத்துவரப் புதுடில்லி நிலையத்துக்குச் செல்கின்றனர்.